வெர்னா கெப்னர் திருப்பிப் பார்த்த படம்

வெர்னா கெப்னர் செத்தபோது எங்கள் ஊர்ப் பத்திரிகை நாலு வரி போட்டது. சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள், பழைய புகைப்படங்கள் சேர்த்தாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, லூத்தரன் சர்ச்சில் அடக்கம். எல்லாம் சரிதான். ஆனால் அதைப் படிக்கிறவர்கள் யாரோ ஒரு சாதுவான பெண்பிள்ளை போய்ச் சேர்ந்தாள் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். செத்தவர்கள் வீட்டைக் காலிசெய்து கொடுக்கும் வேலையில் ஆரம்பித்து, இன்றைக்கு மூன்று கொட்டகை நிறையச் சரக்கு வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற பெரிய மனிதர்கள் என் கொட்டகை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதை ஊரே பார்த்திருக்கிறது. பென்சில்வேனியா முழுக்க ஹார்வி என்றால் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஆகவே வெர்னாவைப் பற்றி எழுத என்னைவிட்டால் ஆள் இல்லை.

எங்கள் கிறுக்கு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட யுத்தத்தில் அரசாங்கத்துக்குக் காசு பற்றாமல் போய், புகைப்படத்துக்குக்கூட வரி போட்டார்கள். உள்ளங்கை அளவு அட்டையில் ஒட்டிய படம். ஸ்டுடியோக்காரன் அதை விற்கும்போது முதுகில் ஒரு ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி, அதன்மேல் தன் பெயரெழுத்தையும் தேதியையும் பேனாவால் எழுதவேண்டும். 1864இல் வந்த வரி, 1866இல் போய்விட்டது. ஸ்டாம்பு இருக்கிறதா, அந்தப் படம் அந்தச் சின்ன இடைவெளிக்குள் விற்றது. முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. முகத்துக்குக் கீழே ஆளின் கையெழுத்தும் முதுகில் ஸ்டாம்பும் இருக்கிற படத்துக்காக எங்கள் ஆட்கள் கூடப் பிறந்தவனோடு பேச்சை நிறுத்துவார்கள்.

வெர்னா அந்த வகையைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். தொழிற்சாலையில் தைத்த சட்டையைச் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. சட்டையை உள்பக்கமாகத் திருப்பித் தையலைப் பார்ப்பாள். அவள் மேசைக்குத் துணி போகிறது என்றாலே தையல்காரிகள் இன்னொரு தடவை தையலை இழுத்துப் பார்ப்பார்கள். படத்தையும் அப்படித்தான். யார் நீட்டினாலும் முகத்தைப் பார்க்காமல் கவிழ்த்துப் பிடித்து, ஸ்டாம்பைப் படித்து, தீர்ப்பைச் சொன்ன பிறகுதான் முன்பக்கம் திருப்புவாள். முகத்தைப் பார்த்துவிட்டால் மனசு அதற்குப் பரிந்து பேச ஆரம்பித்துவிடும் என்பது அவள் கட்சி.

ஆனால் அவளுக்கும் ஒரு முகம் வேண்டியிருந்தது. கோர்ட்டு முன்னால் நிற்கிற கல் சிப்பாயின் காலடியில், யுத்தத்தில் செத்த எங்கள் பக்கத்து ஆட்களின் பெயர்கள் செதுக்கியிருக்கும். அதில் இமானுவேல் கெப்னர் என்று ஒரு பெயர். வெர்னாவின் கொள்ளுத் தாத்தா. 1864 கோடையில் தெற்கத்தியார் சிறையில் பட்டினி கிடந்து செத்தவர் என்று பெயர் வாங்கியவர். அவர் படம் ஒன்றுகூடக் குடும்பத்தில் இல்லை. ஆண்டுக்கணக்காக எல்லாச் சந்தையிலும் எல்லா ஆல்பத்திலும் வெர்னா அதைத் தேடினாள். மே மாதக் கடைசியில் வீரர்களின் கல்லறைக்குப் பூ வைக்கிற நாளில், கல்லில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பதும் அவள்தான். நல்ல கணீர்க் குரல். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அவள் அப்பா கிளேட்டன் உட்கார்ந்திருப்பார். தன் தாத்தா பெயர் வரும்போது தொப்பியைக் கழற்றுவார். அப்பாவுக்கும் மகளுக்கும் இடது கண் இமை பாதி மூடித் தொங்கும். கெப்னர் கண் என்றே அதற்கு ஊரில் பெயர்.

இனி மெர்ல் எஷெல்மன் கதைக்கு வருகிறேன். மெர்ல் இரும்புச் சாமான் கடைக்காரன். வெர்னாவைவிட மூத்தவன். வாயில் ஈ போனாலும் தெரியாத மாதிரி சிரித்துக்கொண்டே இருப்பான். படம் சேர்க்கிற நாங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் தீயணைப்பு நிலையத்தின் அடித்தளத்தில் கூடுவோம். கோழியும் சோளமும் போட்ட சூப் அண்டாவில் கொதிக்கும். ஒருநாள் மெர்ல் ஒரு படத்தைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். அவன் தாத்தாவின் அண்ணன், லெப்டினன்ட் சாலமன். கல்லில் அவர் பெயரும் உண்டு.

“முதல்ல முதுக காட்டு, மெர்ல்.”

“முகத்தத்தான் பாரேன் வெர்னா! அந்த மீசையப் பாரு. அப்படியே எங்க அப்பா மீசை.”

“மீசை தேதி சொல்லுமா?” வெர்னா படத்தைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். “ஜனவரி அறுபத்தஞ்சு. உங்க சாலமன் செத்தது எப்போ?”

“அறுபத்து மூணு ஜூலை. கல்லுலயே இருக்கே.”

“அப்ப குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டாரா? பேனா நல்லா ஓடிச்சாமா?”

அடித்தளமே சிரித்தது. ஒருவனுக்குச் சூப் மூக்கில் ஏறிவிட்டது. மெர்லும் கூடவே சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

“ரெண்டுல ஒண்ணுதான் மெர்ல். படம் போலி. இல்லன்னா உங்க லெப்டினன்ட் போலி, சண்டைக்குப் பயந்து ஓடிப்போய் உயிரோட இருந்தவரு. எது வேணும்னு நீயே சொல்லிடு.”

“படம்தான்... படம்தான் போலி.”

“பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல.”

“படம்தான் போலி!”

“இந்தா பேனா. பின்னால எழுது.”

எழுதினான். படத்தை மறுபடி பட்டுத்துணியில் சுற்றாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அந்தப் படம் போலி இல்லை. பையன் செத்த பிறகு, வீட்டில் இருந்த பழைய படத்தை ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போய்ச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நகல் எடுப்பார்கள். கீழே பெயரை அப்பனோ அண்ணனோ எழுதுவார்கள். இது எனக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்தது. வெளியே வந்ததும் அவளைக் கேட்டேன்.

“அது நகல்னு உனக்குத் தெரியலையா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்டி அவன அந்தப் பாடு படுத்தின?”

“அவன் கேக்கலையே.”

இதோடு நின்றாளா? மெர்லும் நானும் இருந்த நினைவுக்கல் கமிட்டியிலும் அவள் இருந்தாள். அங்கே ஒரு விதி கொண்டுவந்தாள். செத்ததாகச் செதுக்கிய தேதிக்குப் பிறகும் ஒருவன் உயிரோடு இருந்தான் என்று அசல் ஸ்டாம்பு உள்ள படம் சொன்னால், பூ வைக்கிற நாளில் அவன் பெயரை வாசிக்கக் கூடாது. கல்லைச் சுரண்டினால்தானே செலவு, வாயை மூடிக்கொள்வதற்கு என்ன செலவு என்றாள். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். தூக்காதவன் வீட்டு ஆல்பத்தை அடுத்த வாரம் புரட்டிவிடுவாளே என்ற பயம்.

அதற்குச் சில வருஷம் கழித்து, மிச்சிகனில் மரம் அறுக்கிற ஊர் ஒன்றில் ஒரு வீட்டைக் காலிசெய்ய என்னைக் கூப்பிட்டார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டார்கள் என்றால் என் பெயர் எதுவரை போயிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாடியில் ஒரு ஆல்பம். அதில் ஒரு படம். முகத்தைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன், முதுகைப் பார்த்தேன். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஊருக்கு வந்து அதை மெர்லுக்கு விற்றேன். ஏன் வெர்னாவிடம் கொண்டுபோகவில்லை என்று பிற்பாடு சிலர் என்னிடம் முகத்தைச் சுளித்தார்கள். வெர்னா பேரம் பேசிப் பிராணனை எடுப்பாள். மெர்ல் பேரமே பேசவில்லை. எந்தச் சரக்கு யாருக்கு உயிர் என்று தெரிந்தவன்தான் வியாபாரி. எனக்குத் தெரியும்.

ஏப்ரல் மாதக் கூட்டத்தில் மெர்ல் அந்தப் படத்தை அவள் முன்னால் கவிழ்த்தே வைத்தான்.

“இந்தத் தடவை நானே முதுக காட்டிட்டேன் வெர்னா. பார்த்துச் சொல்லு.”

“புத்தி வந்துடுச்சே!” வெர்னா பூதக்கண்ணாடியை எடுத்தாள். “நீல ஸ்டாம்பு. சீட்டுக்கட்டு வரிக்கு அடிச்சது. போட்டோவுக்குன்னு தனியா அடிக்கல, கையில கெடச்சத ஒட்டினானுங்க. மிச்சிகன் ஸ்டுடியோ. பெயரெழுத்து இருக்கு. பிப்ரவரி அறுபத்தாறு. மசி ஸ்டாம்புலேர்ந்து அட்டைக்கு ஒரே ஓட்டமா ஓடியிருக்கு, பாரு. பிற்பாடு ஒட்டினதுன்னா இந்தக் கோடு உடைஞ்சிருக்கும்.”

“ஆக, அசல்?”

“தங்கம்யா இது. இத எவனாவது போலின்னு சொன்னா என்கிட்ட அனுப்பு.”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?” என்றான் மெர்ல். “வெர்னா அசல்னு சொல்லிட்டா. சரி, இப்பத் திருப்பு.”

திருப்பினாள்.

நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். நல்ல கோட்டு, கடிகாரச் சங்கிலி. பின்னால் ஒரு பெண் அவன் தோளில் கைவைத்து நின்றாள். அவனுடைய இடது கண் இமை பாதி தொங்கியது. கீழே மசியில், இமானுவேல் கெப்னரும் மனைவியும் என்று ஆளே எழுதிய கையெழுத்து. யுத்தத்துக்கு முன்னால் அவர் எழுதிக்கொடுத்த நிலப் பத்திரத்தை வெர்னாவே எங்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். அதே கையெழுத்து.

யாரும் படத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் கண்ணைப் பார்த்தார்கள்.

“மிச்சிகன்ல சாப்பாடு நல்லாப் போட்டிருக்காங்க,” என்றான் மெர்ல். “ஜெயில்ல பட்டினி கெடந்து செத்தவரு மாதிரியே தெரியலையே. அந்தம்மா உங்க கொள்ளுப் பாட்டியா?”

இமானுவேலின் மனைவி சபீனா கெப்னருக்குக் கறுத்த ஒல்லி உடம்பு என்பது ஊரில் பெரியவர்களுக்குத் தெரியும். படத்தில் இருந்தவள் வெளுத்த, பெருத்த பெண். பின் வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒவ்வொருவனும் தன் பங்குக்குச் சிரித்தான்.

வெர்னா அழவில்லை. “என்ன வெல?” என்றாள்.

“காசு வேணாம். பூ வைக்கிற நாள்ல பேரு வாசிக்கறது நீதானே? நீயே வாசி. கெப்னர் வர்ற எடத்துல வாய மூடிக்கிட்டு அடுத்த பேருக்குப் போ. உன் விதிதானே? அன்னிக்கே படம் உன் கையில.”

“வாசிச்சேன்னா?”

“பத்திரிகைக்காரன் கையில.”

அவளுக்கு விதியைப் பற்றிக் கவலை இல்லை. முன்வரிசை நாற்காலிதான் கவலை. நான் அவளைத் தொழிற்சாலை வாசலில் பிடித்துக் கேட்டேன்.

“கிழவர்கிட்ட சொல்லிட்டியா?”

“சொன்னா செத்துருவாரு ஹார்வி. அந்தப் பேரக் கேக்கறதுக்குன்னே குளிர்காலத்தத் தாண்டறாரு.”

“சொல்லாம அந்தப் பேர விட்டீன்னா?”

“காது மந்தம். பாண்டு சத்தத்துல தப்பிப்போச்சுன்னு நெனச்சுக்குவாரு.”

கிளேட்டனின் நாற்காலி ஏறுகிற அளவுக்கு வண்டி என்னிடம்தான் இருந்தது. அந்த நாளில் அவர்களை நான்தான் கூட்டிப்போனேன். கிழவர் கஞ்சி போட்ட சட்டை, மடியில் கட்டுக் கட்டாகச் சிவப்புப் பியோனிப் பூ. வழியெல்லாம் மேயரைத் திட்டிக்கொண்டு வந்தார். நல்ல உற்சாகம்.

பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் வரும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி அடிப்பார்கள். பாண்டு ஓய்ந்ததும் வெர்னா வாசிக்க ஆரம்பித்தாள். குரல் பிசகவில்லை. ஜேக்கப் கெல்லர் என்றாள். மணி அடித்தது. கிளேட்டன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

“ஹென்றி கெர்ஸ்டெட்டர்,” என்றாள் வெர்னா. மணி அடித்தது.

கிழவர் கையைத் தூக்கினார். “ஏ, ஒரு பேரு விட்டுப்போச்சு!”

“ஆடம் கிளைன்.”

“வெர்னா! கெப்னர்! இமானுவேல் கெப்னர விட்டுட்ட!”

அடுத்த பெயர். மணி. அடுத்த பெயர். மணி. கிழவர் ஒவ்வொரு மணிக்கும் இடையில் அந்தப் பெயரைக் கத்தினார். முதலில் ஜனங்கள் தர்மசங்கடப்பட்டார்கள். பிறகு சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள், சிரிப்பை மறைக்க. பூவெல்லாம் மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர் வந்து நாற்காலியை மேப்பிள் மரத்தடிக்குத் தள்ளிப்போனார்கள். அங்கிருந்தும் கத்தினார். மெர்ல் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, சர்ச்சில் நிற்கிற மாதிரி நின்றான். வெர்னா கடைசிப் பெயர்வரை வாசித்து முடித்தாள்.

நாங்கள் வண்டியில் ஏறியதும் மெர்ல் ஜன்னல் வழியாகப் படத்தை வெர்னாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன்தான் அவன். கிளேட்டன் தொப்பியை இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குக் காது மந்தம் என்று தான் நினைத்ததெல்லாம் வெறும் கற்பனை என்று வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் படத்தை அவர் கையில் வைத்தாள்.

“பாருங்கப்பா. இதனாலதான்.”

கிழவர் முகத்தை மட்டும் பார்த்தார். முதுகைத் திருப்பவே இல்லை.

“கொழுத்துப் போயிருக்கான்,” என்றார்.

“அப்பா, இவரு சாகல. ஓடிப்போயிட்டாரு. இன்னொருத்தியோட...”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“உயிரோட இருக்கான்னு தெரியும். சபீனாவுக்கும் தெரியும். மிச்சிகன் மரமில்லுலேர்ந்து வந்தவன் ஒருத்தன் அவ வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனான். கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டிருந்தாளாம். போட்டு முடிச்சுட்டு உள்ள போனாளாம். என்கிட்ட அவ்வளவுதான் சொன்னா.”

“அப்புறம் ஏன் கல்லுல பேரு?”

“அவதான்டி போட வெச்சா! முட்ட வித்த காசுல பங்கு கட்டி! கல்லுல அவன் பேரு இருந்தா அவ விதவ. இல்லன்னா புருஷன் விட்டுட்டுப் போனவ. விட்டுட்டுப் போனவளுக்கு இந்த ஊருல எவன் வேல குடுப்பான்? சர்ச்சுல எந்தப் பெஞ்சுல ஒக்காருவா? வருஷா வருஷம் வந்து நான் அந்தப் பேரக் கேட்டேனே, அந்த நாய்க்காகவா கேட்டேன்? எனக்கு உயிர் இருக்கறவரைக்கும் வாசிக்க வெக்கறேன்னு அவ கையப் பிடிச்சுச் சொல்லியிருந்தேன்.”

வெர்னா படத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா...”

“உன்கிட்டயா? எதையும் பொரட்டிப் பாத்து ஊருக்கே கத்துற பொம்பள நீ. உன்கிட்டயா சொல்லுவேன்?” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஹார்வி, வண்டிய வீட்டுக்கு விடாத. சர்க்கார் முதியோர் இல்லத்துக்கு விடு.”

விட்டேன். நான் சொல்லி அங்கே இடமும் கொடுத்தார்கள். அங்கே என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஞாயிறுதோறும் வெர்னா வெல்லப்பாகு கேக் செய்து எடுத்துக்கொண்டு போவாள். கிழவர் அதை நர்சுகளுக்குக் கொடுத்துவிட்டு, தட்டை மட்டும் கழுவித் திருப்பியனுப்பச் சொல்வார். உள்ளே விடமாட்டார். அந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டவில்லை.

அடுத்த ஏப்ரலில், அதே தீயணைப்பு நிலைய அடித்தளத்தில் கமிட்டிக் கூட்டம். வெர்னா எழுந்து நின்றாள்.

“இமானுவேல் கெப்னர் பேர மறுபடி வாசிக்கணும்.”

“எந்த ஆதாரத்துல?” என்றான் மெர்ல்.

“படம் போலி. ஸ்டாம்பு பிற்பாடு ஒட்டினது. நான் சரியாப் பாக்கல.”

வாழ்க்கையில் அவள் சொன்ன முதல் பொய் என்று நினைக்கிறேன். பழக்கம் இல்லாததால் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், காது சிவந்துவிட்டது.

“வெர்னா சரியாப் பாக்கலையாம்டா!” என்றான் ஒருவன். “நாளைக்குச் சூரியன் மேற்க உதிக்கும்.”

“அப்ப சரி,” என்றாள் வெர்னா. “அவருக்காகக் கேக்கல. சபீனாவுக்காகக் கேக்கறேன். அவளுக்குன்னு இந்த ஊருல இருந்தது அது ஒண்ணுதான்.”

“சபீனா எந்தப் பட்டாளத்துல இருந்தா?” என்றான் மெர்ல்.

வாசிக்கக் கூடாது என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் மேலே போனது. நானும் தூக்கினேன். அந்த ஸ்டாம்பு அசல். நான் தேடி எடுத்து விற்ற சரக்கை ஒருத்தி என் எதிரிலேயே போலி என்றால், கையைத் தூக்காமல் இருக்க நான் என்ன மரமா?

வெர்னா உட்கார்ந்துகொண்டாள். அடுத்த விஷயம் கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் அடிப்பது. அதற்கும் அவள் கருத்துச் சொன்னாள், பச்சை வேண்டாம் வெள்ளை என்று. பிறகு எல்லோரும் சூப் குடித்தோம். அன்றைக்கு அண்டா கழுவுகிற முறை அவளுடையது. முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு அடிப்பிடித்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மிச்சச் சூப்பு ஒரு பாத்திரம் இருக்கிறது, யாராவது வீட்டுக்கு எடுத்துப்போகிறீர்களா என்று கேட்டாள். நாங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு படியேறினோம்.